யூட்டா பாலைவனத்துல ஒரு லாங் வீக்கெண்ட்: மோவாப் டைரி

வியாழன், ராத்திரி 10 மணி, மோட்டல் ரூம்

டென்வர்ல இருந்து மோவாப் ஏறக்குறைய 570 கிலோமீட்டர். ஐ-70 ஹைவேயைப் பிடிச்சா மேற்கே போயிட்டே இருக்க வேண்டியதுதான், வழியில ஐசனோவர் டனல் 11,000 அடிக்கு மேல இருக்கு, அங்க செப்டம்பர் மொத வாரத்துலயே ஜன்னலை ஏத்திவிடுற அளவுக்குக் குளிருது, அதுக்கப்புறம் இறங்கி இறங்கி கிராண்ட் ஜங்ஷன் தாண்டினதும் மரம் செடி எல்லாம் எங்கயோ போயிடுச்சு, ஏசியை ஃபுல்லா வெச்சும் பின் சீட்ல மச்சினன் "மாமா, காத்தே வரல மாமா"ன்னு புலம்பிட்டு வந்தான். அவன் சென்னையிலேர்ந்து மூணு வாரம் லீவுல வந்திருக்கான். அமெரிக்கான்னா நியூயார்க், வேகாஸ்னு நினைச்சவனை இழுத்துக்கிட்டு அஞ்சாயிரம் பேர் இருக்கிற பாலைவன ஊருக்குப் போறோம்னா அவன் மூஞ்சி எப்படி இருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கங்க.

"நைட் லைஃப் எப்படி மாமா இருக்கும் அங்க?"

நான் வாயத் தெறக்கறதுக்குள்ள அவன் அக்கா முந்திக்கிட்டா. "ஏண்டா, நீ பாறை பாக்க வந்தியா பப் பாக்க வந்தியா?"

"ரெண்டும்தான்க்கா."

நிறைய பேர் கிரெசன்ட் ஜங்ஷன் வரைக்கும் போயி 191ல திரும்புவாங்க, அதுதான் வேகமான ரூட். டென்வர் பக்கத்துலேர்ந்து வர்றவங்க தயவுசெஞ்சு அதுக்கு முன்னாடியே சிஸ்கோ கிட்ட இறங்கி 128 ரோட்டைப் பிடிங்க. சிஸ்கோ இப்போ ஏறக்குறைய ஆளில்லாத ஊரு, இடிஞ்ச வீடு, துருப்பிடிச்ச வண்டி, அவ்ளோதான். அதைத் தாண்டினதும் கொலராடோ ஆறு வந்து ரோட்டோட சேந்துக்கும், அப்புறம் மோவாப் வரைக்கும் விடாது. டூயின்னு ஒரு இடத்துல 1916ல கட்டின பழைய தொங்கு பாலம் இருந்துச்சு, 2008ல ஒரு சின்னப் பையன் தீக்குச்சி வெச்சு விளையாடினதுல பலகை எல்லாம் எரிஞ்சு போச்சு, இப்போ ரெண்டு கரையிலயும் தூணும் நடுவுல கம்பியும் மட்டும் நிக்குது. கொஞ்ச தூரத்துல ஃபிஷர் டவர்ஸ், சாயங்கால வெயில் பட்டு செங்கல் சூளைக்குள்ள எட்டிப் பாத்த மாதிரி செவப்பு. வண்டியை ஓரங்கட்டிட்டோம். மச்சினன் ஃபோனை எடுத்தவன் அரை மணி நேரம் உள்ள வைக்கல, அப்பவே எனக்குப் பாதி நிம்மதி.

ஊரு பெருசா ஒண்ணுமில்ல. மெயின் ஸ்ட்ரீட்னு ஒரே தெரு, அதுவே 191 ஹைவேயும் கூட, அதனால லாரி எல்லாம் ஊருக்கு நடுவுலதான் போகும். ரெண்டு பக்கமும் சைக்கிள் வாடகைக்கு, ஜீப் வாடகைக்கு, ஆத்துல படகு விடுற ராஃப்ட் கம்பெனி, டிஷர்ட் கடை, கல்லு விக்கிற கடை. 2020 சென்சஸ்ல 5,300 சொச்சம் பேர்தான். ஆனா 2021ல பக்கத்துல இருக்கிற, கல் வளைவுக்குப் பேர் போன ஆர்ச்சஸ் நேஷனல் பார்க்குக்கு மட்டும் 18 லட்சம் பேர் வந்திருக்காங்க. அந்தக் கணக்குதான் இந்த ஊரோட எல்லா சந்தோஷத்துக்கும் எல்லா சண்டைக்கும் காரணம்னு வந்த ரெண்டு மணி நேரத்துலயே புரிஞ்சுடும்.

சாப்பாட்டுக்கு மில்ட்ஸ். 1954லேர்ந்து இருக்கிற பர்கர் கடை, நீள கியூ. எங்க வீட்டம்மா சைவம், அவளுக்கு ஃப்ரைஸும் மில்க் ஷேக்கும், மிச்சப் பசிக்கு ரூம்ல ரைஸ் குக்கர். பார்சல்ல புளிக்காச்சல் இருக்க பயம் ஏன். சீக்கிரம் படுக்கணும், காலைல 3:45க்கு அலாரம்.

வெள்ளி

3:45க்கு எழுந்ததுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு வெயில். ரெண்டாவது டிக்கெட். 2021ல கூட்டம் தாங்காம ஆர்ச்சஸ் பார்க் கேட்டை அடிக்கடி மூடவேண்டி வந்துச்சு, அதனால 2022லேர்ந்து சீசன்ல நேரம் போட்ட டிக்கெட் கொண்டு வந்தாங்க. நாங்க போனப்ப காலைல 7 மணிக்கு முன்னாடி உள்ள போயிட்டா அது தேவைப்படல, என்ட்ரி ஃபீஸ் போதும்னு இருந்துச்சு. இந்த விதியை மாத்திட்டே இருக்காங்க, கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துக்கங்க.

டெலிகேட் ஆர்ச், யூட்டா நம்பர் பிளேட்ல இருக்கே அந்த வளைவு. போய்ட்டு வர 4.8 கிலோமீட்டர், 480 அடி ஏத்தம். இதைப் படிச்சா பெருசா ஒண்ணும் இல்லாத மாதிரிதான் இருக்கும். ஆனா நடுவுல ஒரு பெரிய மொட்டைப் பாறை சாய்வா நீண்டு கிடக்கு, அதுல பாதைன்னே கிடையாது, தலையில லைட்டைக் கட்டிக்கிட்டு அடுக்கி வெச்ச கல்லு எங்க இருக்குன்னு தேடித் தேடி ஏறணும், நிழல்னு ஒரு இன்ச் கூட இல்ல, இதையே மத்தியானம் 35 டிகிரில ஏறினா என்ன ஆகும்னு பாதி வழியிலயே புரிஞ்சுடுச்சு. கடைசியில பாறையைச் செதுக்கின ஒரு விளிம்பு, ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் பள்ளம். அது வரைக்கும் ஆர்ச் கண்ணுலயே படாது. அந்த முனை திரும்பினதும் சட்டுனு எதிர்ல நிக்குது. உள்வாசல் 46 அடி உயரம்னு படிச்சிருந்தேன், படத்துல பாத்து ஒரு மாடி உயரம்தான் இருக்கும்னு நினைச்சுக்கிட்டிருந்தேன், கீழ ஒரு ஆள் போய் நின்னப்பதான் சைஸே தெரிஞ்சுது.

சூரியன் வர்றதுக்கு முன்னாடி பத்து பன்னெண்டு பேர் அங்கங்க உக்காந்திருந்தாங்க. ஒருத்தர் குட்டி ஸ்டவ் வெச்சு காபி போட்டுட்டு இருந்தாரு, வாசனை மட்டும் நமக்கு. வெளிச்சம் மேலேர்ந்து கீழ இறங்குது, மொதல்ல வளைவோட உச்சி, அப்புறம் ஒரு கால், அப்புறம் இன்னொரு கால். மச்சினன் கூட பேசல.

இந்த வளைவெல்லாம் எப்படி வந்துச்சுன்னு கேட்டா, உப்பு. இந்த இடத்துல 30 கோடி வருஷம் முன்னாடி கடல் வந்து வந்து வத்திப் போயி ஆயிரக்கணக்கான அடிக்கு உப்பு படிஞ்சிருக்கு, அதுக்கு மேல மணல்கல் ஏறி உக்காந்துச்சு. உப்பு கனம் தாங்காம நகரும், வீங்கி எழும்பும், மேல இருக்கிற பாறை நீள நீளமா வெடிக்கும், அந்த வெடிப்புல தண்ணி இறங்கி உறைஞ்சு அரிச்சு சுவர் மாதிரி மெல்லிசான பாறையா விட்டுடும், அந்தச் சுவர்ல ஓட்டை விழுந்தா ஆர்ச். இப்படி 2,000க்கு மேல இருக்கு. விழவும் செய்யும். லேண்ட்ஸ்கேப் ஆர்ச்னு ஒண்ணு, 306 அடி நீளம், நடுவுல ரிப்பன் மாதிரி ஆயிடுச்சு, 1991ல அதுலேர்ந்து 60 அடி நீளத்துக்கு ஒரு துண்டு விழுந்துச்சு, அப்புறம் கீழ போற பாதையை மூடிட்டாங்க. வால் ஆர்ச் 2008 ஆகஸ்ட்ல ஒரு ராத்திரி முழுசாவே விழுந்துடுச்சு.

இன்னொரு விஷயம், பாதையை விட்டு மண்ணுல கால வைக்காதீங்க. கருப்பா மேடு மேடா பொரிஞ்ச மாதிரி இருக்கிறது அழுக்கு இல்ல, உசுரு. பாக்டீரியா, பாசி, லைக்கன் எல்லாம் சேந்து மண்ணைப் பிடிச்சு வெச்சிருக்கு. ஒரு மிதி மிதிச்சா திரும்ப வளர பல வருஷம் ஆகும். எங்க கண் முன்னாடியே ஒரு குடும்பம் செல்ஃபிக்காக உள்ள இறங்கிச்சு. வீட்டம்மா டீச்சர், சும்மா இருப்பாளா, கூப்ட்டு சொல்லிட்டா.

11 மணிக்கு மேல வெளிய நிக்க முடியல. மோவாப் மியூசியம் போனோம், ஏசிக்காகத்தான், உண்மையைச் சொல்லணும்ல. ஆனா அங்கயிருந்து கிளம்பி ரூமுக்கு வந்தும் சார்லி ஸ்டீன் கதைதான் ஓடிட்டு இருந்துச்சு. 1952ல அந்த மனுஷன் குடும்பத்தோட நாம பாத்துட்டு வந்த சிஸ்கோல தார் பேப்பர் ஒட்டின குடிசைல இருந்தாரு. யுரேனியம் தேடுறதுக்கு, கதிர்வீச்சைக் காட்டுற கெய்கர் கருவி வாங்கக்கூட காசில்ல. அங்க ஒண்ணுமே கிடைக்காதுன்னு அரசாங்க ஆளுங்களே ஒதுக்கின இடத்துல துளை போட்டாரு, ட்ரில் உடைஞ்சுடுச்சு. எடுத்த கல்லை சிஸ்கோவுக்குக் கொண்டு வந்து வேற ஒருத்தரோட கருவியில சோதிச்சப்ப அதோட முள்ளு எங்கயோ போயிடுச்சு. அதுக்கப்புறம் கோடீஸ்வரன். குன்று மேல பெரிய வீடு, வருஷா வருஷம் ஏர்போர்ட் ஹேங்கர்ல ஊருக்கே விருந்து. ரும்பா டான்ஸ் கத்துக்க வாரா வாரம் சால்ட் லேக் சிட்டிக்கு சொந்த பிளேன்ல போயிட்டு வருவாராம். "இதான் மாமா நைட் லைஃப்"னான் மச்சினன்.

அந்தக் காலத்து யுரேனியக் கழிவு 1.6 கோடி டன் கொலராடோ ஆத்தங்கரையிலயே குவிஞ்சு கிடந்துச்சு, 2009ல அதை ரயில்ல ஏத்தி 50 கிலோமீட்டர் வடக்கே கிரெசன்ட் ஜங்ஷன் கிட்ட கொண்டு போய்ப் பொதைக்க ஆரம்பிச்சாங்க. கோடிகளைச் சம்பாதிச்சவங்க போயிட்டாங்க, அள்ளுறது அரசாங்கச் செலவு. எல்லா ஊருலயும் இதே கணக்குதான்.

சாயங்காலம் மில் க்ரீக். ஊருக்குள்ளயே பவர்ஹவுஸ் லேன் முடியுற இடத்துலேர்ந்து ஓடைக்குள்ளயே காலை நனைச்சுக்கிட்டு நடக்கணும். அரை மணி நேரத்துல ஒரு சின்ன அருவி, கீழ குட்டை. டூரிஸ்ட்டை விட உள்ளூர்ப் பசங்க அதிகம், மேலேர்ந்து குதிச்சுக்கிட்டே இருக்காங்க, தண்ணி ஜில்லுனு. குத்தாலம் அளவுக்கு இல்லாட்டியும் அந்த வெயில்லேர்ந்து வந்தவனுக்கு அது போதும். மழை மேகம் பாத்தா மட்டும் உள்ள போகாதீங்க, 2022 ஆகஸ்ட்ல இதே ஓடைதான் பொங்கி வந்து ஊருக்குள்ள மெயின் ஸ்ட்ரீட் வரைக்கும் சேறாக்கிச்சு.

அப்புறம் ராத்திரி. மச்சினனுக்காக. மோவாப் ப்ரூவரில டெட் ஹார்ஸ் ஏல்னு ஒண்ணு குடிச்சான், "பரவால்ல மாமா, கொஞ்சம் லைட்டா இருக்கு"ன்னான். இருக்கத்தான் செய்யும். யூட்டா சட்டப்படி குழாய்ல வர்ற பீர் 5 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது, 2019 நவம்பருக்கு முன்னாடி அதுவும் 4தான். அதுக்கு மேல வேணும்னா பாட்டில்தான், கடையில வாங்கறதா இருந்தா அரசாங்கக் கடை, அது ஞாயித்துக்கிழமை மூடியிருக்கும். ரெஸ்டாரன்ட்ல சாப்பாடு சொல்லாம சரக்கு மட்டும் கேட்டா தர மாட்டாங்க. விஸ்கி அளக்கறதுக்கு பாட்டில் வாயிலயே ஒரு மீட்டர், அளவுக்கு மேல ஒரு சொட்டு வராது. டாஸ்மாக் ஊர்க்காரனுக்கு அரசாங்கக் கடை எல்லாம் புதுசா என்ன, ஆனா அந்த மீட்டரைப் பாத்துதான் அசந்துட்டான்.

அங்கயிருந்து மெயின் ஸ்ட்ரீட்லயே ஒரு பார். பாஸ்போர்ட் வாங்கிப் பாத்துதான் உள்ள விட்டாங்க. ஓரத்துல கிடார் வெச்சுக்கிட்டு ரெண்டு பேர் பாடுறாங்க, பூல் டேபிள் ஒண்ணு. இருக்கிறவங்க பாதிப் பேர் முழங்கால்ல சிராய்ப்பு, சைக்கிள்லேர்ந்து விழுந்தது, தோள்ல வெயில் கருக்கல், ஒருத்தன் உக்காந்தபடியே தூங்குறான். பேச்செல்லாம் எந்த டிரெயில், எவ்ளோ தண்ணி, நாளைக்கு எத்தனை மணிக்கு எழுந்திருக்கணும். மாநிலச் சட்டப்படி 1 மணி வரைக்கும் ஊத்தலாம், ஆனா 11 மணிக்கே பார் பாதி காலி. கவுன்ட்டர்ல இருந்த பொண்ணு "ஞாயித்துக்கிழமை ஆத்துக்கு வர்றீங்களா"ன்னு கேட்டுச்சு. வர்றோம்னு சொன்னேன், எதுக்குக் கேக்குதுன்னு தெரியாமலே.

சனி

இன்னைக்கு சத்தம்.

ஊருக்குக் கிழக்கே சேண்ட் ஃபிளாட்ஸ்னு ஒரு பாறை மேடு. ஒரு காலத்துல மணல் குன்றா இருந்து அப்படியே கல்லாயிட்ட இடம். அங்கதான் ஸ்லிக்ராக் டிரெயில், சைக்கிள்காரங்களுக்கு காசி மாதிரி, 17 கிலோமீட்டர் லூப். அதுக்கு 1969ல பாதை போட்டதே மோட்டார் பைக்காரங்கதான், சைக்கிள் எல்லாம் அப்புறம் வந்தது. இன்னொரு பக்கம் ஹெல்ஸ் ரிவெஞ்ச், ஜீப்புக்கும் யூடிவிக்கும். நாலு சக்கரம், கம்பிக்கூண்டு, கதவுக்கு பதிலா வலை, அதுதான் யூடிவி. நாங்க ரெண்டு பேரும் கைடோட ஒரு டூர் எடுத்தோம், வீட்டம்மா "எனக்கு முதுகு வேணும்"னு சொல்லி ஸ்லிக்ராக் பக்கம் நடக்கப் போயிட்டா.

ஆரம்பத்துலயே ஒரு பாறை முதுகு. ரெண்டு பக்கமும் சரிவு, வண்டி அகலத்துக்குக் கொஞ்சம் கூட இடம், அவ்ளோதான். ஏறும்போது கண்ணாடியில வானம் மட்டும்தான் தெரியுது, ரோடு தெரியல, முன்னாடி போற கைடு வண்டி எங்க போச்சுன்னும் தெரியல, ரேடியோல "அப்படியே நேரா, கேஸை விடாதீங்க"ன்னு குரல் மட்டும். பாறையில டயர் ரப்பர் தேஞ்சு தேஞ்சு கருப்பா கோடு விழுந்திருக்கு. வழி காட்ட பாறை மேலயே தீ ஜ்வாலை படம் பெயின்ட்ல போட்டிருக்காங்க, அதைத் தாண்டிப் போகக் கூடாது. வழுக்கும்னு நினைச்சா ஆச்சரியம், உப்புத்தாள் மாதிரி டயரைப் பிடிச்சுக்குது. நடுவுல இறங்கி ஒரு டைனோசர் கால்தடம் காட்டினாங்க, மூணு விரலு, தண்ணி ஊத்திக் காட்டினப்ப தெளிவா தெரிஞ்சுது. கடைசியில ஆறு கீழ வளைஞ்சு போற இடத்துல ஒரு பாயின்ட். சத்தியமா சொல்றேன், நல்லா இருந்துச்சு. வாய் முழுக்க மண்ணு, சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலி.

திரும்பி வந்தா வீட்டம்மா கார் நிழல்ல உக்காந்திருக்கா. "உங்க வண்டியா இல்ல வேற யார் வண்டியான்னு தெரியல, ஆனா எல்லாம் எனக்கு இங்க வரைக்கும் கேட்டுச்சு"ன்னா.

இதுதான் இந்த ஊரோட சண்டை. யூட்டால முறையா நம்பர் வாங்கின யூடிவியை ரோட்லயே ஓட்டலாம், அதனால காலைலயும் சாயங்காலமும் வீட்டு வாசல்ல வரிசை கட்டிப் போகுது. குடியிருக்கிறவங்க போராடி 2021ல நகராட்சி சத்தத்துக்கு விதி போட்டுச்சு, வண்டிக்காரங்க கேஸ் போட்டாங்க. வாடகை வண்டியில வர்ற காசும் வேணும், அமைதியைத் தேடி வர்றவன் காசும் வேணும். ரெண்டையும் ஒரே பள்ளத்தாக்குல விக்கிறாங்க, பள்ளத்தாக்குன்னா எதிரொலி வேற. என்னைக் கேட்டா மேட்டுல ஓட்டிட்டுப் போகட்டும், ஊருக்குள்ள டிரெய்லர்ல ஏத்திட்டு வரட்டும். என்னை யார் கேக்குறாங்க.

ராத்திரிக்கு கேன்யன்லேண்ட்ஸ், பக்கத்துல இருக்கிற இன்னொரு நேஷனல் பார்க். ஐலண்ட் இன் த ஸ்கை பக்கம், கடைசி வரைக்கும் போனா கிராண்ட் வியூ பாயின்ட், கடல் மட்டத்துலேர்ந்து 6,000 அடி. பக்கத்துல டெட் ஹார்ஸ் பாயின்ட்டும் நல்ல இடம்தான், ஆத்துக்கு 2,000 அடி மேல, ஆனா அது ஸ்டேட் பார்க், ராத்திரி 10க்கு மூடிடுவாங்க. கேன்யன்லேண்ட்ஸ் ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும். ராத்திரி வானம் நல்ல இருட்டா இருக்குன்னு 2015லயே டார்க் ஸ்கை சர்டிஃபிகேட் வாங்கின பார்க். ஆர்ச்சஸுக்கு 2019ல கிடைச்சுது, ஊர்லயும் அந்த சமயத்துலேர்ந்து வெளிய போடுற லைட் எல்லாம் கீழ பாத்துதான் எரியணும்னு விதி.

அமாவாசையை ஒட்டி வந்ததுக்கு இதுதான் காரணம். கார் லைட்டை அணைச்சதும் மொதல்ல கை கூட தெரியல. கண்ணு பழக அரை மணி நேரம் ஆகும், அது வரைக்கும் ஃபோனைத் தொடக் கூடாது, டார்ச்சுக்கு மேல சிவப்பு பேப்பர். அங்கங்க பாய் விரிச்சு ஆளுங்க படுத்திருக்காங்க, முகம் தெரியாது, இங்கிலீஷ், ஜெர்மன், ஸ்பானிஷ் எல்லாம் குசுகுசுன்னு கேக்குது, யாரோ சிப்ஸ் பாக்கெட் பிரிக்கிறது கூட இடி மாதிரி. புதுசா ஒரு கார் ஹை பீம் போட்டுட்டு உள்ள திரும்புச்சு பாருங்க, இருட்டுலேர்ந்து மொத்தப் பேரும் ஒரே குரல்ல "ஏய்ய்ய்"! மச்சினன் தமிழ்லயே ஒண்ணு சொன்னான், எழுத முடியாது.

பால்வெளி தெக்குலேர்ந்து எழும்பி தலைக்கு மேல வரைக்கும் போகுது. மேகம்னு நினைச்சு "மாமா, மேகம் வந்துடுச்சே"ன்னான். மேகம் இல்லடா, அதான்டான்னேன். நம்பவே இல்ல, பத்து நிமிஷம் கழிச்சு அது நகராம இருக்கிறதைப் பாத்துட்டுதான் நம்பினான். ரொம்ப தூரத்துல, கொலராடோ பக்கமா இருக்கும், சத்தமில்லாம மின்னல் வெட்டிட்டு இருந்துச்சு. குளிர ஆரம்பிச்சும் ரெண்டு பேரும் எழுந்திரிக்கல. தெர்மாஸ்ல கொண்டு போன டிகாஷன் காபிதான் கடைசியில எழுப்பிச்சு. ரூமுக்கு வரும்போது மணி 2. பார் மூடியாச்சு.

ஞாயிறு

ராஃப்ட் கம்பெனி வேன்ல ஏறினா ஸ்டீயரிங்ல வெள்ளிக்கிழமை பார் பொண்ணு! அப்பதான் "ஆத்துக்கு வர்றீங்களா" புரிஞ்சுது. இந்த ஊர்ல இது சகஜமாம். பகல்ல ராஃப்ட் ஓட்டுறவங்க ராத்திரி பார்ல ஊத்துறாங்க, காலைல ஜீப் கைடு சாயங்காலம் பீட்சா கடை. வாடகை அந்த அளவுக்கு. அந்தப் பொண்ணுக்கு வீடே கிடையாது, வேன்தான். ஊருக்கு வெளிய அரசாங்க நிலத்துல கூட்டாளிகளோட நிறுத்திக்கும், ஒரே இடத்துல ரொம்ப நாள் இருக்க விடமாட்டாங்கறதால அப்பப்ப மாத்திக்கணும். குளிக்கறதுக்கு ஊர்ல காசு கொடுத்து ஷவர். சீசன் முடிஞ்சா கொலராடோவுல ஸ்கீ ரிசார்ட், திரும்ப மார்ச்ல இங்க. சொல்லும்போது புலம்பல் இல்ல, துடுப்பு போட்டுக்கிட்டே ஊர்க்கதை மாதிரி சொல்லுது.

128 ரோட்டுல வரும்போது மேலேர்ந்து பாத்த அதே ஆறு, இப்போ உள்ளேர்ந்து. செப்டம்பர்ல தண்ணி கம்மி, பெரிய அலை எல்லாம் எதிர்பாக்காதீங்க, சின்னச் சின்னதா நாலஞ்சு எடத்துல குதிக்கும், முதல் வரிசை நனையும், குழந்தைங்களைக் கூட்டிட்டு வரலாம். நிஜமான ஆட்டம் வேணும்னா மே, ஜூன்ல, பனி உருகி வரும்போது. காத்தடைச்ச சின்ன கயாக் படகு ஒண்ணு கூடவே வந்துச்சு, யாராவது ஒருத்தர் ஓட்டலாம்னதும் மச்சினன் எழுந்திரிக்கிறதுக்குள்ள வீட்டம்மா அதுல இறங்கிட்டா. சுழல்ல ரெண்டு சுத்து சுத்தி தண்ணி வேகமா பாயற ரேபிட்ல பின்பக்கமா இறங்கி, கவுராம வெளிய வந்தா. கைடு பொண்ணு விசில் அடிச்சுது. "அக்கா, நீயா?"ன்னான் இவன். தண்ணி செம்மண் கலர், பல்லுல நறநறன்னு மணலு, மதியம் கரையில சாண்ட்விச், நாங்க கொண்டு போன எலுமிச்சை சாதமும் சுத்துக்கு வந்துச்சு, பொண்ணு ஊறுகா கேட்டு வாங்கிச்சு.

சாயங்காலம் மச்சினன் கடைசி ராத்திரின்னு ஒரு பாட்டில் வாங்கணும்னான். ஞாயித்துக்கிழமைடான்னு ஞாபகப்படுத்தினேன். பேசாம தயிர்சாதம் சாப்ட்டு எட்டரைக்கே படுத்துட்டான்.

கமெண்ட்ல கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன்: ரூம்தான் பெரிய செலவு, வாரக்கடைசியை விட திங்கள், செவ்வாய்ல கம்மி. பார்க் பக்கம் கடை கிடையாது, ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணி ஊர்லயே ரொப்பிக்கங்க. ராத்திரிக்கு ஜாக்கெட், செப்டம்பர்லயும். கைடுக்கு டிப்ஸ் ரொக்கமா குடுங்க. ஈஸ்டருக்கு முந்தின வாரம் வர்றதா இருந்தா யோசிச்சுக்கங்க, 1967லேர்ந்து அந்த வாரம் ஜீப் சஃபாரி, நாடு முழுக்க இருந்து வண்டி வந்து இறங்கும், ரூம் கிடைக்காது, தூக்கமும் கிடைக்காது. மச்சினன் அந்தத் தேதியைத்தான் இப்போ ஃபோன்ல குறிச்சு வெச்சிருக்கான்.